நனைந்த டயப்பரின் எடை

ஆஸ்பத்திரியின் அந்த வார்டில் அவனை எல்லோரும் மீட்டர் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். மின்சார மீட்டர்களில் தில்லுமுல்லு பண்ணுகிறவர்களைப் பிடிப்பது அவன் உத்தியோகம். வேலை நேரத்தில் மட்டும் சந்தேகப்பட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அதைச் சட்டையோடு கழற்றி மாட்டுகிற ஆளில்லை அவன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, கொடுத்த காபியை வாயில் வைப்பதற்கு முன்பே வாசல் சுவரில் இருந்த மீட்டரை ஒரு நோட்டம் விட்டவன். "என்னைப் பார்த்த நேரத்தைவிட எங்க வீட்டு மீட்டரைப் பார்த்த நேரம்தான் ஜாஸ்தி" என்று அவன் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் அப்பாவுக்குத்தான் கடைசிவரை சிரிப்பு வரவில்லை.

இப்போது அவளுக்கும் வரவில்லை. அவர்களுடைய முதல் பிள்ளை பிறந்ததும் அழவில்லை. தட்டி, தேய்த்து, முகமூடி வைத்து மூச்சு வர வைப்பதற்குள் நேரமாகிவிட்டது. இன்னும் பெயர் வைக்காத அந்தக் குட்டி, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், சூடு தரும் விளக்குக்கு அடியில் கையையும் காலையும் பரப்பிப் போட்டுக்கொண்டு கிடந்தான்.

டாக்டரம்மா அவனைத் தனியாக உட்காரவைத்து நிதானமாகத்தான் சொன்னார். "மூச்சு இல்லாத நேரத்துல உடம்பு என்ன பண்ணும்னா, இருக்கிற ரத்தத்தை எல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிடும். கிட்னிக்கு மிச்சம் எதுவும் போகாது. அது பட்டினி கிடந்து இப்பப் படுத்திருச்சு. நிறைய குழந்தைங்களுக்கு அது தானாவே எழுந்துக்கும். அதுவரைக்கும் நாம தாக்குப் பிடிக்கணும்."

"எப்படிங்க தாக்குப் பிடிக்கிறது?"

"எவ்வளவு மூத்திரம் வெளிய வருதோ, அதை வச்சுதான் டிரிப்ஸ் எவ்வளவு உள்ள விடலாம்னு முடிவு பண்ணுவோம். வெளிய வராம உள்ள மட்டும் போயிட்டே இருந்தா உடம்புல நீர் கோத்துக்கும், நுரையீரல்ல இறங்கிடும். மூத்திரம் வரவே இல்லைன்னா வயித்துல சின்னதா ஒரு குழாய் வைக்கணும். அது வழியா மருந்துத் தண்ணிய உள்ள விட்டு, வெளிய எடுத்து, ரத்தத்துல இருக்கிற கழிவை நாமளே நீக்கணும். டயாலிசிஸ்தான்."

இவ்வளவும் அவன் காதில் விழுந்தது. ஆனால் மனதில் தங்கியது வயிறும் குழாயும்தான்.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஒரு லாரி டிரைவர் பழக்கமாகியிருந்தார். அவருடைய தங்கை குழந்தையும் உள்ளே இருந்தது. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. "குழாயா?" என்றார் டிரைவர். உதட்டைப் பிதுக்கினார். "வச்சுக் கூட்டிட்டுப் போன குழந்தைய நான் பார்த்ததில்லை தம்பி. நாம என்ன கண்டோம், அவங்க கத்துக்கிறதுக்கும் ஒரு உடம்பு வேணும்ல."

வேறு யாராவது இருந்தால் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போயிருப்பார்கள். ஆனால், சந்தேகம் என்று ஒன்று இலவசமாகக் கிடைத்தால் இவன் விடமாட்டான். நேராக மாடிக்குப் போய், வயிற்றில் தையலோடு படுத்திருந்த மனைவியின் காதருகே குனிந்தான்.

"இங்க பாரு. மூத்திரம் வந்துட்டா ஒண்ணும் பயமில்லை. வரலைன்னா வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வைப்பாங்களாம். ஓட்டை போட்ட பிறகு குழந்தைய நம்ம கையில குடுத்ததா சரித்திரமே இல்லையாம். நான் லேசுல விடமாட்டேன். நீயும் கண்ணைத் திறந்து வச்சுக்க."

டிரிப்ஸ் கணக்கை அவளிடம் அவன் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து கிடக்கிறவளின் தலையில் அதையெல்லாம் ஏன் ஏற்ற வேண்டும் என்று நினைத்தான். பயத்தை மட்டும் ஏற்றிவிட்டு இறங்கி வந்தான்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தையின் மூத்திரத்தை அளப்பதற்கு டயப்பரைத்தான் எடை போடுவார்கள். நனைந்த டயப்பரின் எடையிலிருந்து காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால், மிச்சம் மூத்திரம். எழுந்து நடக்க முடிகிற அம்மாக்கள் அந்த வேலையைத் தாங்களே செய்யலாம். டயப்பரைக் கழற்றி, சுவரோரம் இருக்கும் சின்னத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று சொன்னால் நர்ஸ் குறித்துக்கொள்வார். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள முடியாத தாய்க்கு இந்த ஒரு வேலையாவது இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனசுக்காரர் ஆரம்பித்து வைத்தது.

அவன் மனைவி தையலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து அந்த வேலையை ஏற்றுக்கொண்டாள். அதுவரை காய்ந்தே கிடந்த கணக்கில் மூத்திரம் வர ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. "அம்மா கை பட்டதும் கிட்னிக்கு ரோஷம் வந்துருச்சு போல" என்றார் கண்ணாடி சிஸ்டர். பெரிய கண்ணாடி போட்ட, எப்போதும் பாதி வேலைக்கு நடுவில் இருக்கிற நர்ஸ் அவர். குழாய்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

ஆனால் பிள்ளையின் முகம் அவனுக்குப் பிடிபடவில்லை. இமைகள் தடித்துக்கொண்டே போயின. பாதத்தை விரலால் லேசாக அழுத்தினால் குழி விழுந்து, எழும்ப நேரம் பிடித்தது. நெஞ்சு ஏறி இறங்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் சதை உள்ளே இழுத்தது. ரத்தப் பரிசோதனையும் நாளுக்கு நாள் மோசமாகத்தான் வந்தது. எழுதியிருப்பதைப் பார்த்தால் மூத்திரம் அமோகம். ஆளைப் பார்த்தால் ஊதிக்கொண்டே போகிறான்.

இதுமாதிரியான வீட்டுக்குள் அவன் நூறு தடவை நுழைந்திருக்கிறான். மூன்று அறையிலும் ஏசி ஓடும், மீட்டர் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். எண் ஒன்று சொல்கிறது, வீடு வேறொன்று சொல்கிறது என்றால் நடுவில் ஒரு கை புகுந்திருக்கிறது என்று அர்த்தம். யாருடைய கை என்பதுதான் கேள்வி.

அவன் சந்தேகம் கண்ணாடி சிஸ்டர் மேல் போய் உட்கார்ந்தது. அதற்குக் காரணம் இருந்தது என்று சொல்ல முடியாது. தராசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குறித்துக்கொள்கிறார். ஒரே நேரத்தில் நாலு குழந்தையைப் பார்க்கிறார். அவன் ஏதாவது கேட்டால், "ஒரு நிமிஷம் சார்" என்று போகிறவர் திரும்பி வருவதில்லை. வேலையைச் செய்யாமலேயே செய்ததாக எழுதுகிற ஆட்களை அவன் தன் ஆபீசிலேயே பார்த்திருக்கிறான். டாக்டரம்மாவிடம் போய் நின்றான்.

"அந்த சிஸ்டர் எழுதுற கணக்குல எனக்கு நம்பிக்கை இல்லைங்க. வேற ஆளைப் போடுங்க."

டாக்டரம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சில குழந்தைங்களுக்குத் தண்ணி வரும், கழிவு மட்டும் வராது. அதனால ரத்த ரிப்போர்ட் மோசமா இருக்கிறதுல எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனா இந்த வீக்கம் எனக்கும் இடிக்குது." பேனாவை மூடினார். "சரி, மாத்துறேன். அப்பவும் இப்படியே இருந்தா என்ன பண்றதுன்னு பார்ப்போம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் தன்னை ஏன் அப்படி உற்றுப் பார்த்தார் என்று அவனுக்குப் புரியவில்லை. கண்ணாடி சிஸ்டர் எதிர்வரிசைக்குப் போனார். அவனைக் கடக்கும்போது தலை நிமிர்ந்துதான் போனார். அவனும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றான். வேறு நர்ஸ் வந்தார். கணக்கில் மூத்திரம் மட்டும் குறையவே இல்லை.

மறுநாள் காலை, கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பெற்றோரில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பதால் உள்ளே அவள் இருந்தாள். டயப்பரைக் கழற்றினாள். பஞ்சு நனைக்க வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தாள். பிறகு லேசாகத் திரும்பி, புது நர்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த முதுகை அவனுக்குத் தெரியும். தப்புப் பண்ணின வீட்டில் மீட்டருக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நிற்பார்கள் பாருங்கள், அந்த முதுகு. ஓடமாட்டார்கள், ஒளியமாட்டார்கள். சும்மா நிற்கிற மாதிரி நிற்பார்கள். தோள் மட்டும் கொஞ்சம் விறைத்திருக்கும். முகம் பார்க்காமலே எத்தனையோ பேரை அவன் அந்த முதுகை வைத்துப் பிடித்திருக்கிறான்.

சே, இவளையா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் கால் உள்ளே போய்விட்டது. கை கழுவ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவனைப் பார்த்ததும் அவள் டயப்பரை மடித்துப் பிடித்தாள். "என்னங்க, உள்ள வந்துட்டீங்க? முகமெல்லாம் வாடிக் கிடக்கு. போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன்."

சோதனைக்கு அவன் போகிற வீட்டிலெல்லாம் இதைத்தான் கேட்பார்கள். காபி குடிக்கிறீங்களா சார், டீ சாப்பிடுறீங்களா சார். அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அதில் அடித்தண்ணீர்தான் இருந்தது. பிள்ளையைத் தொட்டுப் பார்த்தான். தொடை இடுக்கில் பொட்டு ஈரம் இல்லை. அவள் கையில் இருந்த டயப்பர் மட்டும் கனத்துத் தொங்கியது.

அவளை வெளியே கைகழுவும் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனான்.

"எப்பலேர்ந்து?"

அவள் மழுப்பவில்லை. "முதல் நாள்லேர்ந்து. ஒரே ஒரு தடவைதான்னு நினைச்சேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. நீங்க சாப்பிட்டீங்க. அப்புறம் என்னால நிறுத்த முடியலை."

"ஏன் இப்படிப் பண்ணின?"

"நீங்கதானே சொன்னீங்க? மூத்திரம் வந்துட்டா குழாய் இல்லைன்னு. குழாய் வச்சா குழந்தை நம்ம கைக்கு வராதுன்னு. கொஞ்ச நாள் தள்ளிப் போட்டா அதுக்குள்ள நிஜமாவே வந்துடும்னு பார்த்தேன். நானா யாரையும் சந்தேகப்பட்டேன்?"

"அடிப்பாவி, நீ ஊத்தின தண்ணிய மூத்திரம்னு நம்பித்தான் அவங்க டிரிப்ஸை ஏத்திட்டே போறாங்க. அத்தனையும் உள்ளதான் இருக்கு. அதனாலதான் ஊதுறான்."

முதலில் அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்கியபோது தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இதை யாரும் சொல்லலையே. உங்ககிட்ட சொன்னாங்களா?"

அவனிடம் சொன்னார்கள். உட்காரவைத்து, நிதானமாக, புரிகிற மாதிரி சொன்னார்கள்.

இனிமேல் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. கணக்கு தானாகக் குறையும், டிரிப்ஸும் குறையும், யாருக்கும் எதுவும் தெரியாது. பழைய பழி கண்ணாடி சிஸ்டர் மேலேயே கிடக்கும். அவன் பிடித்த திருடர்கள் எல்லோரும் கடைசி நேரத்தில் இப்படித்தான் யோசித்திருப்பார்கள் என்று தோன்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அவன் டயப்பரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எதிர்வரிசைக்கு நடந்தான்.

"சிஸ்டர், இது மூத்திரம் இல்லை. தண்ணி. இத்தனை நாளும் தண்ணிதான். நான்தான் ஊத்தினேன்."

கண்ணாடி சிஸ்டர் டயப்பரைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "நீங்களா? நீங்க ஒரு டயப்பரைக் கையால தொட்டே இப்பதான் சார் பார்க்கிறேன்."

"அவர் இல்லை சிஸ்டர்." மனைவி அவன் பின்னாலேயே வந்திருந்தாள். "நான்தான்."

"அதுல எவ்வளவு தண்ணி, எவ்வளவு நிஜம்?"

"நிஜம் எதுவுமே இல்லை. எல்லாம் காய்ஞ்சுதான் இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தார். டிரிப்ஸ் பம்பை நிறுத்திவிட்டு, "டாக்டரைக் கூப்பிடுங்க" என்று புது நர்ஸிடம் சொன்ன குரலில் அவசரம் மட்டும்தான் இருந்தது.

டாக்டரம்மா வந்து, கேட்டு, பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்த பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினார். "யாரோ கை வைக்கிறாங்கன்னு எனக்கும் தோணுச்சு. நான் சந்தேகப்பட்டது உங்க மேல சார். கேட்கிற கேள்வியெல்லாம் அப்படி இருந்துச்சு. நாளைக்குப் பை ஒட்டி மூத்திரத்தைப் பிடிச்சுப் பார்த்துடலாம்னு இருந்தேன்."

"நாளைக்குப் பார்த்திருந்தா?"

"தெரியலை. நுரையீரல்ல இப்பவே நீர் இறங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கே குழாய் வச்சாகணும். படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

காஸ் அடுப்பு வாங்கினால் அதோடு வருகிற காகிதத்தில் பொடி எழுத்துவரை படிக்கிறவன் அவன். அன்றைக்கு எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

"ஓட்டை போட்ட பிறகு கையில குடுத்ததா சரித்திரமே இல்லைன்னீங்களே" என்றாள் மனைவி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து.

"எவனோ சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்." அவள் தையலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். லாரி டிரைவர் வந்து பக்கத்தில் உட்காரப் பார்த்தார். அவன் பார்த்த பார்வையில் வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

பென்சில் பருமன்கூட இல்லாத குழாய்தான். அதன் வழியாக மருந்துத் தண்ணீர் உள்ளே போவதும், கொஞ்ச நேரம் தங்கி வெளியே வருவதுமாக இருந்தது. வடிந்த நீரோடு பிள்ளையின் வீக்கமும் மெல்ல இறங்கியது. முதலில் இமைகள் மெலிந்தன. பிறகு பாதம் பாதமாக ஆனது. அவன் டாக்டரம்மாவிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு, கண்ணாடி சிஸ்டரையே திரும்பப் போடச் சொல்லிக் கேட்டான்.

"என்னைத்தானே வேணாம்னீங்க" என்றார் அவர், வந்ததும்.

"இப்ப நீங்கதான் வேணும்ங்கிறேன்."

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையிடம் போய்விட்டார். அவனுக்கு அது கோபமா கிண்டலா என்று தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். அதுவே அவனுக்குப் புதுசு.

மனைவிதான் ஆளே மாறிப் போனாள். அவளை யாரும் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றாள். டயப்பர் மாற்றும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் டயப்பர் நனைந்திருந்தது. அவள் பதறி, "நான் தொடவே இல்லை" என்றாள், யாரும் கேட்காமலேயே. பார்த்தால், குழாய் வைத்த இடத்திலிருந்து கசிந்த மருந்துத் தண்ணீர். கண்ணாடி சிஸ்டர் கட்டை மாற்றிக் கட்டினார். அன்றைக்கு அவள் மாடிக்குப் போய் அழுதாள். நீ பண்ணலைன்னு எனக்குத் தெரியும் என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு கணம் அவன் கண் கிண்ணத்தின் பக்கம் போய் வந்ததை அவள் பார்த்திருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு மதியம், கண்ணாடி சிஸ்டர் இருவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டார். ஒருவர்தான் வரலாம் என்ற விதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டயப்பர் மறுபடி நனைந்திருந்தது. அவர் வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்தார், இன்னொரு தடவை அழுத்தித் தொட்டுப் பார்த்தார்.

"கட்டு காய்ஞ்சிருக்கு. இது அவனோடதுதான்." கையுறையைக் கழற்றினார். "எடுத்து நிறுங்கம்மா."

"நீங்களே பண்ணிடுங்க சிஸ்டர். நான் வேணாம்."

"எனக்கு நாலு குழந்தை இருக்கு. இது அம்மா வேலை."

அவள் டயப்பரைக் கழற்றி, மடித்து, தராசில் வைத்தாள். வைத்த கையோடு சட்டென்று ஒதுங்கி நின்றாள், அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று வழி விட்டு. மீட்டருக்கும் அவனுக்கும் நடுவில் யாரும் இல்லாமல்.

அவன் கால் பழக்கதோஷத்தில் தராசை நோக்கி ஓர் அடி எடுத்தும் விட்டது. இத்தனை வருஷத்தில் இன்னொருவர் படித்துச் சொன்ன எண்ணை அவன் ஒத்துக்கொண்டதே கிடையாது. எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க அவன் உடம்பு முழுவதும் துடித்தது. அவன் நின்றான். திரும்பி, தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளையின் பக்கம் குனிந்தான்.

"நீயே பார்த்துச் சொல்லு" என்றான்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "காய்ஞ்சதைக் கழிச்சா பதினொண்ணுங்க."

"பதினொண்ணாம் சிஸ்டர்" என்றான் அவன். "எழுதிக்கங்க."

கண்ணாடி சிஸ்டர் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.